நிறத்துக்காகக் கலக்கப்படும் செல்லப் பாம்புகள்: பிறக்கும் குட்டிகளுக்கு என்ன ஆகிறது?

2023 செப்டம்பர். பாங்காக்கிலிருந்து பெங்களூரு விமான நிலையத்துக்கு வந்த பைகளைச் சுங்கத்துறை அதிகாரிகள் திறந்து பார்த்தார்கள். உள்ளே 78 விலங்குகள் இருந்தன. 55 பால் பைத்தான்கள், 17 ராஜநாகங்கள், 6 கபுச்சின் குரங்குகள். குரங்குகள் ஆறும் இறந்து கிடந்தன. பாம்புகள் உயிரோடு இருந்தன.

அதே ஆண்டு ஏப்ரலில், கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் சிக்கின. அதன் பிறகும் தமிழ்நாட்டு விமான நிலையங்களில் இப்படிப்பட்ட செய்திகள் அடிக்கடி வந்துகொண்டுதான் இருக்கின்றன.

பெங்களூருவில் பிடிபட்ட 55 பால் பைத்தான்களும் ஒரே இனம்தான். ஆனால் அவை வெவ்வேறு நிற வகைகளைச் சேர்ந்தவை. செல்லப் பாம்பு சந்தையில் விலையை முடிவு செய்வதே இந்த நிறம்தான். அரிய நிறம் என்றால் விலை பல மடங்கு. அந்த நிறத்துக்காகத்தான் பல நாடுகளில் பாம்புகளை மனிதர்கள் ஜோடி சேர்க்கிறார்கள். சில சமயம் ஒரே இனத்துக்குள், சில சமயம் இரண்டு வெவ்வேறு இனங்களுக்கு இடையில்.

இதில் பிறக்கும் குட்டிகளுக்கு என்ன ஆகிறது? ஆரோக்கியமாக இருக்குமா? தப்பித்துக் காட்டுக்குள் போனால் என்ன நடக்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

கலப்பினம் வேறு, மார்ஃப் வேறு

இந்த விஷயத்தில் பலரும் குழப்பிக்கொள்ளும் இரண்டு சொற்கள் இவை.

ஒரே இனத்துக்குள், இயல்பான நிறத்திலிருந்து மாறிப் பிறக்கும் பாம்பை 'மார்ஃப்' என்கிறார்கள். உதாரணத்துக்கு பால் பைத்தான். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு இது. பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்வதால் இந்தப் பெயர். காட்டில் இது பழுப்பும் கறுப்பும் கலந்த நிறத்தில்தான் இருக்கும். எப்போதாவது ஒன்று வெளிர் மஞ்சளாகவோ, வெள்ளைத் திட்டுகளோடோ பிறக்கும். அப்படிக் கிடைத்த ஒன்றைப் பிடித்து வந்து, அதன் குட்டிகளையே திரும்பத் திரும்ப இணைத்து அந்த நிறத்தை நிலைநிறுத்துவார்கள். அல்பினோ பால் பைத்தான் 1992-ல் அமெரிக்காவில் முதல்முறையாக வளர்ப்பிடத்தில் பிறந்தது. அதன் பிறகு வந்த மார்ஃப்களும், அவற்றைக் கலந்து உருவாக்கியவையும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

'கலப்பினம்' என்பது வேறு. தாய் ஒரு இனம், தந்தை இன்னொரு இனம். பால் பைத்தானையும் ஆஸ்திரேலியாவின் கார்பெட் பைத்தானையும் சேர்த்தால் 'கார்ப்பால்'. பர்மிய மலைப்பாம்பையும் பால் பைத்தானையும் சேர்த்தால் 'பர்ம்பால்'. பர்மிய மலைப்பாம்போடு, உலகின் மிக நீளமான பாம்பான ராஜ மலைப்பாம்பைச் சேர்த்தால் 'பேட் ஈட்டர்'. அமெரிக்காவின் கார்ன் ஸ்நேக்கோடு கலிஃபோர்னியா கிங் ஸ்நேக்கைச் சேர்த்தால் 'ஜங்கிள் கார்ன்'. இந்தக் கிங் ஸ்நேக் விஷமில்லாத பாம்பு. நம்ம ஊர் ராஜநாகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வெவ்வேறு இனப் பாம்புகள் எப்படி இணைகின்றன?

குதிரையும் கழுதையும் சேர்ந்தால் கோவேறு கழுதை பிறக்கும். அதற்குப் பெரும்பாலும் குட்டி பிறக்காது. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62. இரண்டும் சேர்ந்த கோவேறு கழுதைக்கு 63. ஜோடி சரியாகப் பிரியாததால் இனப்பெருக்கம் தடைபடுகிறது.

பாம்புகளில் கதை வேறு. மலைப்பாம்பு, சாரைப்பாம்பு வகை என்று பல குடும்பங்களிலும் பெரும்பாலான இனங்களுக்கு 36 குரோமோசோம்கள்தான். பல லட்சம் ஆண்டுகளாகப் பிரிந்து வாழும் இனங்களில்கூட இந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை. அதனால் உருவத்திலும் வாழ்விடத்திலும் ரொம்ப வேறுபட்ட இரண்டு பாம்புகள் சேர்ந்தால்கூட, சில நேரம் கரு உருவாகிவிடுகிறது.

அப்படியென்றால் காட்டில் ஏன் இது அரிதாக நடக்கிறது? முதல் காரணம் தூரம். பால் பைத்தான் ஆப்பிரிக்காவில், கார்பெட் பைத்தான் ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும். நடுவில் ஒரு பெருங்கடல். அவை சந்திப்பதற்கே வழியில்லை. இரண்டாவது காரணம் வாசனை. பெண் பாம்பின் தோலிலிருந்து வரும் வாசனையை வைத்துத்தான் ஆண் பாம்பு தன் இனத்தை அடையாளம் காணும்.

வளர்ப்பவர்கள் இந்த இரண்டு தடைகளையும் உடைக்கிறார்கள். ஒரே கூண்டில் விடும்போது தூரம் காணாமல் போகிறது. ஆணின் சொந்த இனப் பெண்ணை முதலில் அருகில் வைத்து, அது இணையத் தயாரானதும் பெண்ணை மாற்றிவிடுவது, உரிந்த தோலை வைத்து ஏமாற்றுவது போன்ற உத்திகளும் உண்டு. கிங் ஸ்நேக் விஷயத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அது மற்ற பாம்புகளைத் தின்னும் பாம்பு. கண்காணிக்காமல் விட்டால் ஜோடியே இரையாகிவிடும்.

பிறக்கும் குட்டிகள் எப்படி இருக்கும்?

"கலப்பினம் என்றாலே நோஞ்சானாகத்தான் பிறக்கும்" என்ற ஒரு எண்ணம் இருக்கிறது. அது முழு உண்மை இல்லை. நெருங்கிய உறவுள்ள இனங்களைக் கலக்கும்போது நன்றாகச் சாப்பிட்டு, வேகமாக வளர்ந்து, அடுத்த தலைமுறையையும் உருவாக்கும் குட்டிகள் பிறக்கின்றன. ஜங்கிள் கார்ன் பாம்புகள் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்படுகின்றன. இரண்டு வெவ்வேறு மரபணுத் தொகுப்புகள் சேர்வதால் முதல் தலைமுறை கூடுதல் வலுவோடு இருப்பதும் உண்டு. இதைக் கலப்பின வீரியம் என்கிறார்கள்.

தூரத்து உறவு இனங்களைச் சேர்க்கும்போது நிலைமை மாறுகிறது. பல முட்டைகள் கருவுறுவதே இல்லை. கருவுற்றாலும் வளர்ச்சி பாதியில் நின்றுபோகும். முதுகெலும்பு வளைந்தோ, தாடை சரியாக அமையாமலோ பிறப்பவையும் உண்டு. விற்பனைக்கு வருவது உயிர் பிழைத்த அழகான குட்டிகளின் படம் மட்டும்தான். பொரியாத முட்டைகளைப் பற்றி யாரும் விளம்பரம் செய்வதில்லை.

ஆரோக்கியமாகப் பிறந்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது: எப்படி வளர்ப்பது? பால் பைத்தான் பகலில் வளைக்குள்ளும் கரையான் புற்றுக்குள்ளும் பதுங்கும். ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர் நீளம் வளரும். கார்பெட் பைத்தான் அதைவிடப் பெரியது, மரம் ஏறும். இரண்டுக்கும் பிறந்த குட்டிக்கு எவ்வளவு இடம் வேண்டும், ஏறக் கிளை வேண்டுமா, பதுங்க வளை வேண்டுமா என்று தெளிவாகச் சொல்ல முடியாது. பர்மிய மலைப்பாம்பு 5 மீட்டர் வரை வளரும். அதோடு கலந்த குட்டி எவ்வளவு பெரிதாகும் என்பதை வாங்கும்போதே கணிக்க முடியாது. சின்னப் பெட்டியில் வாங்கி வந்த குட்டி வீட்டுக்குள் அடங்காமல் போகும்போதுதான் பிரச்னையே ஆரம்பிக்கிறது.

தலை சுற்றும் 'ஸ்பைடர்' பாம்பு

கலப்பினங்களைவிட மார்ஃப்களில்தான் பாதிப்பு தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அதில் அதிகம் பேசப்படுவது 'ஸ்பைடர்' பால் பைத்தான். உடம்பு முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கறுப்புக் கோடுகள் ஓடும். 1990-களின் இறுதியில் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த ஒரே ஒரு பாம்பிலிருந்துதான் இந்த வரிசை தொடங்கியது. பெற்றோரில் ஒன்று ஸ்பைடராக இருந்தாலே குட்டிகளில் ஏறக்குறைய பாதி ஸ்பைடராகப் பிறக்கும். அதனால் வியாபாரம் வேகமாகப் பரவியது.

ஆனால் அந்தக் குட்டிகளின் தலை ஆடியது. சில பாம்புகள் தலையைத் திருகிக்கொண்டு மல்லாந்துவிடும். இரையைக் குறிவைத்துப் பாய்ந்தால் வேறு பக்கம் போய் விழும். பயந்தாலோ பசித்தாலோ ஆட்டம் அதிகமாகும். வளர்ப்பவர்கள் இதை 'வாபிள்' என்று அழைக்கிறார்கள். சிலவற்றில் லேசாக, சிலவற்றில் கடுமையாக இருக்கும்.

"வேறு நல்ல பாம்புகளோடு இணைத்துக்கொண்டே போனால் சரியாகிவிடும்" என்று பலர் முயன்றார்கள். பல தலைமுறைகளுக்குப் பிறகும் நிறத்தையும் ஆட்டத்தையும் பிரிக்க முடியவில்லை. ஸ்பைடர் மார்ஃபின் நரம்பியல் குறைபாட்டையும் அதன் நலனையும் பற்றி 2014-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை கால்நடை மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தது. 2022-ல் ஜெர்மனி ஆய்வாளர்கள் நுண் சி.டி. ஸ்கேன் மூலம் இந்தப் பாம்புகளின் உள் காதைப் பார்த்தார்கள். சமநிலையை உணர உதவும் அரைவட்டக் குழாய்கள் உருக்குலைந்திருந்தன. அதோடு சேர்ந்த சிறு பை இயல்பைவிடச் சிறியதாக இருந்தது.

தோல் நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? கரு வளரும்போது நிறமிச் செல்களை உருவாக்கும் அதே திசுவிலிருந்து கிளம்பும் செல்கள் உள் காதின் வளர்ச்சியிலும் பங்கு வகிக்கின்றன. அந்த இடத்தில் ஒரு மாற்றம் ஏற்பட்டால் இரண்டும் சேர்ந்தே பாதிக்கப்படலாம். வெள்ளை நிறம் அதிகமுள்ள டால்மேஷன் நாய்களில் காது கேளாமை அதிகம் இருப்பதும் இதே மாதிரியான தொடர்புதான்.

சுருக்கமாகச் சொன்னால், ஸ்பைடர் பாம்பில் அழகும் நோயும் ஒரே பொட்டலத்தில் வருகின்றன. ஒன்றை வாங்கினால் மற்றதும் கூடவே வீட்டுக்கு வரும். இதனால்தான் பிரிட்டனைச் சேர்ந்த சர்வதேச ஊர்வனவியல் சங்கம், தன் கண்காட்சிகளில் ஸ்பைடர் மார்ஃப் விற்பனைக்கு 2018-ல் தடை விதித்தது. ஆனால் மற்ற இடங்களில் விற்பனை நிற்கவில்லை.

'ஜாகுவார்' சொல்லும் பாடம்

மார்ஃபும் கலப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜாகுவார் கார்பெட் பைத்தான் ஒரு உதாரணம். ஆஸ்திரேலியாவின் கடலோரக் கார்பெட் பைத்தானில் தோன்றிய இந்த நிற மாற்றத்திலும் ஸ்பைடர் மாதிரியே நரம்புக் கோளாறு தென்படுகிறது. இரண்டு ஜாகுவார்களை இணைத்தால் குட்டிகளில் சில முழு வெள்ளையாக உருவாகின்றன. அவை முட்டைக்குள்ளேயோ, பொரிந்த கொஞ்ச நேரத்திலோ இறந்துவிடுகின்றன.

இந்த நிறத்துக்கு வரவேற்பு கிடைத்ததும், வளர்ப்பவர்கள் அதை ஜங்கிள் கார்பெட், டைமண்ட் பைத்தான் போன்ற மற்ற கிளைகளோடும் சேர்த்தார்கள். நிறம் பரவியது. கூடவே கோளாறும் பரவியது. ஒரு கிளையில் மட்டும் இருந்த குறையைக் கலப்பு பல கிளைகளுக்கும் கொண்டுபோய்விட்டது. 'கலந்தால் வலு கூடும்' என்ற வாதம் இங்கே எடுபடாததற்குக் காரணம் இதுதான். குறையைத் தரும் மரபணுவைத்தான் வாங்குபவர் விரும்பித் தேடுகிறார்.

ஃப்ளோரிடா சதுப்பு நிலத்தில் இந்திய மரபணு

சரி, வீட்டுக்குள் நடப்பது வீட்டோடு போகட்டும் என்று விட்டுவிடலாமா? அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாகாணம் 'முடியாது' என்கிறது.

செல்லப்பிராணியாக வந்த பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும் கைவிடப்பட்டும் அங்குள்ள எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் குடியேறின. 2012-ல் வெளியான ஆய்வின்படி, பாம்புகள் நீண்டகாலமாக இருக்கும் பகுதிகளில் ரக்கூன் தென்படுவது 99.3%, ஒபாஸம் 98.9%, பாப்கேட் எனும் காட்டுப்பூனை 87.5% குறைந்திருந்தது. அதே ஆண்டு பர்மிய மலைப்பாம்பு இறக்குமதிக்கு அமெரிக்க அரசு தடை விதித்தது.

2018-ல் இன்னொரு தகவல் வந்தது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் அங்கே பிடிபட்ட சுமார் 400 பாம்புகளின் மரபணுவைச் சோதித்தது. அவற்றில் 13 பாம்புகளில் இந்திய மலைப்பாம்பின் மரபணுத் தடயம் இருந்தது. அதாவது தமிழ்நாட்டுக் காடுகளிலும் வாழும் அதே மலைப்பாம்பு இனம். வெளித்தோற்றத்தில் எல்லாமே பர்மிய மலைப்பாம்புகள் மாதிரிதான் இருந்தன. இந்தக் கலப்பு ஃப்ளோரிடாவுக்கு வருவதற்கு முன்பே நடந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதில் என்ன கவலை? பர்மிய மலைப்பாம்பு நீர் நிறைந்த இடங்களை அதிகம் விரும்பும். இந்திய மலைப்பாம்பு வறண்ட மேட்டு நிலத்திலும் வாழும். இரண்டின் குணமும் சேர்ந்தால், இன்னும் பல வகை நிலங்களுக்குப் பரவும் திறன் கிடைக்கலாம் என்பது ஆய்வாளர்களின் எச்சரிக்கை. கூண்டில் 'கலப்பின வீரியம்' என்று பெருமையாகச் சொல்லப்படுவது, காட்டில் மற்ற உயிர்களுக்கு ஆபத்தாக மாறலாம்.

பெயர் தொலைந்தால் என்ன நஷ்டம்?

ஜங்கிள் கார்னைத் திரும்பத் திரும்பக் கிங் ஸ்நேக்கோடு இணைத்தால், சில தலைமுறைகளில் அது அசல் கிங் ஸ்நேக் மாதிரியே தெரியும். அதை 'அசல்' என்று விற்றால் கண்டுபிடிப்பது கடினம். அதை வாங்கியவர் தன்னிடமுள்ள அசல் பாம்போடு இணைப்பார். கலப்பு சத்தமில்லாமல் பரவும்.

இந்தியாவுக்கு இந்த அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது, பாம்பில் அல்ல, சிங்கத்தில். பஞ்சாப்பில் சண்டிகர் அருகே உள்ள சத்பீர் உயிரியல் பூங்காவில் ஆசியச் சிங்கங்களோடு ஆப்பிரிக்கச் சிங்கங்கள் கலந்தன. பிறந்த சிங்கங்கள் பலவீனமாகவும் நோய்வாய்ப்பட்டும் இருந்ததால் பிற்பாடு அவற்றின் இனப்பெருக்கமே நிறுத்தப்பட்டது. அவற்றை கிர் சிங்கங்களைக் காக்கும் திட்டத்திலும் சேர்க்க முடியவில்லை.

கடத்தலில் பிடிபடும் பாம்புகளுக்கும் இதே நிலைதான். விமான நிலையத்தில் சிக்கும் வெளிநாட்டு விலங்குகளை வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவது வழக்கம். ஆப்பிரிக்கப் பாம்பும் ஆஸ்திரேலியப் பாம்பும் சேர்ந்து தாய்லாந்தில் பிறந்த குட்டியை எந்தக் காட்டில் விடுவது? அதற்குத் தாயகம் என்று எந்தக் காடும் இல்லை. வாழ்நாள் முழுக்கக் கூண்டுதான்.

வளர்ப்பவர்கள் தரப்பு என்ன சொல்கிறது?

கலப்பினத்தை ஆதரிப்பவர்களிடமும் வாதங்கள் இருக்கின்றன. இயற்கையிலேயே சில இனங்களின் எல்லைகள் சேரும் இடங்களில் கலப்பு நடக்கிறது என்கிறார்கள். அது உண்மைதான். வளர்ப்பிடத்தில் பிறக்கும் பாம்புகள் பெருகினால் காட்டிலிருந்து பிடிப்பது குறையும் என்பது இரண்டாவது வாதம். நாய், பூனைகளில் மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செய்ததைத்தானே பாம்பில் செய்கிறோம் என்பது மூன்றாவது.

முதல் வாதத்தில் ஒரு வேறுபாடு மறைந்துவிடுகிறது. இயற்கையில் கலந்து பிறக்கும் குட்டி, தானே இரை பிடித்து உயிர் பிழைக்க வேண்டும். தலை ஆடும் பாம்பு காட்டில் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்காது. கூண்டில் இறந்த எலியை இடுக்கியில் பிடித்து ஊட்டிவிடுவதால் அது வாழ்கிறது, குட்டியும் போடுகிறது. இரண்டாவது வாதத்துக்கு எதிராக, டோகோ, பெனின், கானா நாடுகளிலிருந்து பால் பைத்தான் ஏற்றுமதி இன்னமும் நடக்கிறது. புதிய நிறம் ஒன்று காட்டில் கிடைத்தால் அதற்கான தேவையும் இருக்கிறது. மூன்றாவது வாதத்துக்கு நாய்களே பதில். மூச்சுவிடத் திணறும் தட்டை மூக்கு நாய்களைப் பற்றி இப்போது உலகம் முழுக்க விவாதம் நடக்கிறது.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் இந்திய மலைப்பாம்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். நல்ல பாம்பு, சாரை உள்ளிட்ட மற்ற உள்நாட்டுப் பாம்புகளும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் வருகின்றன.

வெளிநாட்டு இனங்களுக்கு 2022-ம் ஆண்டுத் திருத்தம் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' ஒப்பந்தப் பட்டியலில் உள்ள விலங்குகளை வைத்திருப்பவர்கள், 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பிறப்பு, இறப்பு, கைமாறுதல் ஆகியவற்றையும் தெரிவிக்க வேண்டும். பால் பைத்தான் சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் இதற்குள் வரும்.

"கலப்பினம்தானே, பட்டியலில் பெயரே இல்லையே" என்று தப்பிக்க முடியுமா? முடியாது. பட்டியலில் உள்ள இனம் சமீபத்திய நான்கு தலைமுறைக்குள் கலந்திருந்தால் அந்தக் கலப்பினத்துக்கும் சைட்டிஸ் கட்டுப்பாடு பொருந்தும். ஆனால் கார்ன் ஸ்நேக் மாதிரி பட்டியலிலேயே இல்லாத இனங்கள் இந்தப் பதிவு முறைக்கு வெளியே நிற்கின்றன. பதிவு என்பதும் யாரிடம் எத்தனை இருக்கிறது என்ற கணக்குதான். பிறக்கும் குட்டி நோயோடு பிறக்கிறதா என்பதை அது சோதிப்பதில்லை.

வாங்குபவர் கையில் இருக்கும் முடிவு

ஒரு பால் பைத்தான் கூண்டில் 20, 30 ஆண்டுகள் வரை வாழும். தலை ஆடும் பாம்பும் அதே காலம் வாழ வேண்டியிருக்கும். நாய் வலியில் குரைக்கும், பூனை கத்தும். பாம்பு சத்தம் போடாது. முகத்திலும் எதுவும் தெரியாது. அதனால்தான் பாம்பின் அவஸ்தையை வளர்ப்பவர்களே பல ஆண்டுகளுக்கு 'அதோட குணம்' என்று சொல்லிக் கடந்துபோனார்கள்.

இந்தச் சந்தையில் எந்தப் பாம்பு பிறக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது கடைசியில் வாங்குபவரின் பணம்தான். விலை போகும் நிறம் அடுத்த ஆண்டும் முட்டையிலிருந்து வெளியே வரும். இணையத்தில் அழகான பாம்பின் படத்தைப் பார்த்து ஆசைப்படுபவர்கள், விலையைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். இதன் தாயும் தந்தையும் எந்த இனம்? இந்த நிறத்தோடு கூடவே வரும் குறை என்ன? இதை இந்தியாவுக்குள் கொண்டுவந்ததற்கான ஆவணம் எங்கே?

மூன்றுக்கும் பதில் சொல்ல முடியாத விற்பனையாளரிடம் இருக்கும் பாம்பு, பெரும்பாலும் ஏதோ ஒரு விமானத்தில் பைக்குள் அடைபட்டு வந்ததாகத்தான் இருக்கும்.